பதினான்காம் விதி

மார்ச் 6

பலகை ஆட்டச் சங்கத்தின் மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

தாங்கள் என் கூடப் பிறந்த அண்ணன் என்பதை இந்தக் கடிதம் முடியும்வரை ஒதுக்கி வைக்கிறேன். தங்களுக்கும் அதுதான் வசதி. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அப்படித்தானே நடந்துகொண்டீர்கள்.

ஆறு தடவை போன் செய்திருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் எதையும் பூசி மெழுகிவிடுவீர்கள். எழுதுங்கள். எழுத்தில் இருந்தால் பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று கையை விரிக்க முடியாது.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஐந்து துறை' போட்டியின் அரையிறுதி. எதிரே நில அளவையர். என் மூன்று சுமைக் காய்களில் இரண்டை வெட்டிவிட்டார். கடைசிச் சுமை நடுத்துறையில் நின்றது. அவருடைய காவல் காய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சுமை எதிர்க்கரை சேர்ந்தால் வெற்றி, வெட்டுப்பட்டால் ஆட்டம் காலி. நான் அதை ஒரு கட்டம் பின்னால் இழுத்தேன். அவர் கையைத் தூக்கினார். தாங்கள் வந்தீர்கள், நடுவர் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு. இது எந்த விதி என்று கேட்டீர்கள். என்னைப் பார்த்து, என் அண்ணன் கேட்டார். நான் சிரித்தேவிட்டேன். "இவரையே கேளுங்க, இவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு" என்றேன். தாங்கள் பலகையைப் பார்த்தீர்கள், கூரையைப் பார்த்தீர்கள், கடைசியில், "அப்படி ஒரு விதி கிடையாது" என்றீர்கள்.

என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேர் ஒரு நாள் விடுப்புப் போட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்.

அதோடு விட்டீர்களா? இல்லாத விதியைக் காட்டிக் காயை நகர்த்தியதற்கும், நடுவர் பெயரைப் பொய்யாக இழுத்ததற்கும் இரண்டு ஆண்டு தடை என்று மண்டப வாசல் பலகையில் ஓர் அறிவிப்பு. கீழே தங்கள் கையெழுத்து, வழக்கமான அந்த வால் சுழியோடு.

இப்போது கேளுங்கள். நம் வீட்டுப் பழைய ஆட்டப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, விதிப்புத்தகமும் உள்ளேயே இருக்கிறது. ஐந்தாம் பக்கம், பதினான்காம் விதி, எழுத்து மாறாமல்: 'ஓர் ஆட்டக்காரரிடம் ஒரே ஒரு சுமை எஞ்சியிருந்தால், அது ஆட்டத்தில் ஒரு முறை மட்டும் தன் கரை நோக்கி ஒரு கட்டம் பின்வாங்கலாம்.' இதற்கு என்ன சொல்கிறீர்கள்? போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றேன். இருப்பதைத்தான் ஆடினேன். சொல்லப்போனால் விதியை மீறியது சங்கம்தான். மேசைக்கு மேசை மணல் கடிகாரம் வைத்திருக்கிறீர்கள். யோசிக்கக் காலவரம்பு கிடையாது என்கிறது ஒன்பதாம் விதி.

இரண்டு நாள் பொறுப்பேன். அதற்குள் அறிவிப்பை எடுக்காவிட்டால் புத்தகத்தைச் சங்கத் தலைவி அம்மாளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவேன். அவர்களே படித்துக்கொள்ளட்டும்.

அண்ணா, நீ மறந்துவிட்டாய், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மறப்பது ஒரு குற்றமா? மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருப்பாய்?

இப்படிக்கு,
தடை செய்யப்பட்ட ஆட்டக்காரர்


மார்ச் 11

அன்புள்ள சில்லு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. இரண்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். உன் அண்ணி இன்று காலை குப்பைக் கூடையைக் காட்டி, என்ன பரீட்சைக்குப் படிக்கிறீர்களா என்று கேட்டாள்.

முதல் காரியம். புத்தகத்தைத் தலைவிக்கு அனுப்பாதே. தயவுசெய்து அனுப்பாதே. எனக்கு அனுப்பு. அந்த ஆட்டம் பல பதிப்பு கண்டது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். நான் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்து, பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். தலைவி பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் சிவப்பு மையோடுதான் பார்ப்பார்.

சங்கத்தில் என் நிலைமையும் உனக்குத் தெரியும். விதி விளக்கப் புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. பதினோரு வருட வேலை. அட்டையில் என் பெயர். இந்த நேரத்தில் செயலாளரே சொந்தத் தங்கைக்காக வளைந்து கொடுத்தார் என்று ஒரு பேச்சு வந்தால் நன்றாக இருக்காது. அன்று மண்டபத்தில் எனக்கு அந்த எண்ணம்தான். வேறொன்றும் இல்லை.

உன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்தெட்டாவது நகர்வில் ஓரத்துறையை விட்டுக்கொடுத்து நடுத்துறையைப் பிடித்தாயே, சங்கத்தில் பத்து வருடமாக ஆடுகிறவர்களுக்கே அது தோன்றியிருக்காது. நில அளவையர் அதற்குப் பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். அந்தக் கடைசிச் சுமையை மட்டும் நீ அசைத்திருக்கவே வேண்டாம். சரி, அதை விடு.

இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

உன் கடிதம் தாமதம். புத்தகம் எட்டாம் தேதியே போய்விட்டது. ரசீது என் கைப்பையில் இருக்கிறது.

இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போகுமாம். எனக்குப் போட்டியா முக்கியம்? அந்த அறிவிப்பை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குள் நுழைவதற்கு முன்னால் அது எல்லார் போனிலும் நுழைந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது. மறுநாள் வார்டுக்குப் போன மருந்துத் தட்டு ஒன்று கணக்குத் தவறித் திரும்பி வந்தது. அனுப்பியது நான்கூட இல்லை. "அக்கா பின்னடி போட்டுட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். பின்னடி என்பது அந்த நகர்வுக்கு நாங்கள் வைத்த பெயர். சாப்பாட்டு நேரத்தில் ஆட நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அதைக்கூடத் தட்டிவிட்டுப் போயிருப்பேன். வியாழக்கிழமை மேலாளர் கூப்பிட்டார். பூட்டி வைக்கும் மருந்துகளின் அலமாரிச் சாவி பதினாறு வருடமாக என் இடுப்பில் தொங்குகிறது. இனி நான் திறக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும் என்றார். "சும்மா ஒரு வழக்கத்துக்குத்தாம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நீ கூரையைப் பார்த்தாயே, அதே மாதிரி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலாவதியான மருந்துப் பெட்டியில் தேதியை மறைத்துப் புதுச் சீட்டு ஒட்டி ஒருவன் அனுப்பியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தவள் நான். அன்றிலிருந்துதான் அந்தச் சாவி என்னிடம். எனக்குப் பக்கத்தில் இன்று ஒரு காவல்.

உன் கடிதத்தில் ஒன்று உறுத்துகிறது. அந்தச் சுமையை அசைத்திருக்க வேண்டாம் என்கிறாய். அசைக்காமல் என்ன செய்வது, வெட்டு என்று கழுத்தை நீட்டுவதா? அதோடு, தலைவிக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு என்று ஏன் இப்படிக் கெஞ்சுகிறாய்? நீ கெஞ்சுகிற ஆள் இல்லையே.

மாப்பிள்ளை நலம். உன்னைக் கேட்கவில்லை.

சில்லு


மார்ச் 22

சில்லு,

இதைக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்பதற்காகத் தபால் நிலையத்திலேயே நின்று எழுதுகிறேன். இங்கே பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். கயிறு போதவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்படி ஒரு விதி இல்லை. எந்தப் பதிப்பிலும் இல்லை. அது நான் எழுதியது.

எனக்குப் பதினாலு, உனக்கு ஒன்பது. பெட்டி வாங்கிய முதல் வாரம். அப்பாவின் டைப்பிங் கடை வீட்டின் முன்னறை. நீ மூன்று ஆட்டம் தொடர்ந்து என்னிடம் தோற்றிருந்தாய். நாலாவதில் உன் கடைசிச் சுமை மாட்டிக்கொண்டது. நீ அழுதாய். பார்க்கப் பாவமாக இருந்தது. தப்பிக்க ஒரு வழி கொடுக்கலாமே என்று தோன்றியது. கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குள் போனேன். ஒரு சீட்டு அடித்துக் கோந்து தடவி ஒட்டினேன். ஒட்டியதே தெரியாத அளவுக்கு ஓரத்தைப் பிளேடால் சீவினேன். புத்தகமும் டைப் எழுத்தில் அச்சானதுதான். எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவின் மிஷினில் 'ற' எப்போதும் வரிக்குக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சீட்டிலும் நிற்கிறது.

பிறகு நான் மறந்தே போனேன். சத்தியமாக மறந்துவிட்டேன். மண்டபத்தில் நீ சுமையைப் பின்னால் இழுத்தபோதுதான் எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது. சுற்றிலும் நாற்பது பேர். எல்லாரும் என்னைக் கேட்டு விதி தெரிந்துகொள்கிறவர்கள். கள்ள விதி எழுதியவனே நான்தான் என்று எப்படிச் சொல்வேன்?

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பதினேழாம் தேதி செயற்குழு. தலைவி உன் புத்தகத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். சீட்டு தெரிந்துவிட்டது. "ஒட்டு வேலை செஞ்சு, அதையே சாட்சின்னு தபால்ல அனுப்புற தைரியம் பாருங்க" என்றார். நீ ஒட்டியதாக நினைத்துவிட்டார்கள். தடையை ஆயுளுக்கும் ஆக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஏப்ரலில் பொதுக்கூட்டத்தில் முடிவு. குறிப்பேட்டில் அதை எழுதியது யார்? செயலாளர்தான் எழுத வேண்டும். எழுதினேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சொல்லிவிடுவேன். நிச்சயம் சொல்வேன். என் விதி விளக்கம் அச்சுக்குப் போகட்டும், பொதுக்கூட்டத்துக்கு முன்னால் தலைவியைத் தனியாகப் பார்த்து, சமயம் பார்த்துப் பேசுகிறேன். அதுவரை நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

கடிதத்தை மருந்தகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு மறுபடி வேலையைப் பார்த்தேன். மாத்திரை எண்ணும் தட்டில் ஐந்து ஐந்தாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போய் மூன்று முறை முதலிலிருந்து எண்ணினேன்.

பாவமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் ஒரு நிமிடம் என் மனம் இளகிவிட்டது. மறைக்க மாட்டேன். ஆனால் நான் அழுததாக எனக்கு ஞாபகமே இல்லை. நீ எழுந்து போனது ஞாபகம் இருக்கிறது. டைப் சத்தம் கேட்டது ஞாபகம் இருக்கிறது. அப்பாதான் யாருக்கோ மனு அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வருடமாக நான் ஆடியது முழுக்க அந்த ஒரு நகர்வை நம்பித்தான். கடைசிச் சுமையை வேண்டுமென்றே முன்னால் நிறுத்துவேன். எதிராளி ஆசைப்பட்டுக் காவலைக் கொண்டுவருவார். நான் ஓர் அடி பின்வாங்குவேன். அவர் துரத்தித் துறைக்குள் வருவார், என் காவல் அவரை வெட்டும். எவ்வளவு பெருமை எனக்கு. எத்தனை ஆட்டம் அப்படி ஜெயித்திருக்கிறேன். அதில் ஒன்றாவது என்னுடையதா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னிடம் பின்னடியில் தோற்றவர்களை யோசித்து யோசித்து ஒரு பட்டியல் போட்டேன். பதினேழு பேர் தேறினார்கள். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். என் நாத்தனாரிடம், பழைய மருந்தகக்காரரிடம், மாடி வீட்டு டீச்சரிடம். அது கள்ள ஆட்டம், எனக்கே தெரியாது, ஆனாலும் உங்களைத் தோற்கடித்தேன் என்றேன். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். மருந்தகக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்மா. உங்க மேல இருந்த மரியாதையில கேக்கல" என்றார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. எல்லாம் சேர்த்து இரண்டு நாள் ஆனது. யார் ஒட்டினார்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அதை நான் சொன்னால் பழியைத் தள்ளிவிடுகிறேன் என்பார்கள்.

தெரியாமல் செய்ததற்கு எனக்கு இவ்வளவு கூச்சம். தெரிந்தே செய்த நீ சமயம் பார்க்கிறாய்.

பொதுக்கூட்டம் வேண்டாம், தனியாகப் பேச்சும் வேண்டாம். தலைவியின் காதில் நீ எதை ஓதினாலும் அது என் காதுக்கு வேறு மாதிரிதான் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும் நேரத்தில், நாற்பது பேர் இருக்கும்போது, நான் எங்கே நின்றேனோ அங்கே நின்று சொல். எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதாதே. அறிவிப்பு எந்தப் பலகையில் இருக்கிறதோ அங்கே ஒட்டு. ஒட்டுவதுதான் உனக்கு நன்றாக வருமே.

அதுவரை எழுதாதே.

தங்கை


ஏப்ரல் 9

சில்லு,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறும் மண்டபத்துக்குப் போனேன், சொல்லாமல் திரும்பிவிட்டேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. மாடிப்படி ஏறும்வரை தைரியம் இருந்தது. உள்ளே போனதும் ஒருவர் வந்து, ஒரு காய் ஓரத்துறையில் முட்டிக்கொண்டால் என்ன விதி என்று கேட்டார். சொன்னேன். நன்றி சார் என்று கும்பிட்டார். அவ்வளவுதான், தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நேற்று முன்தினம் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் நடு மேசைக்குப் போய் நின்றேன். மணல் கடிகாரங்களை நிறுத்தச் சொன்னேன். நான்கு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இரண்டாவது வரியிலேயே மறந்துவிட்டது. ஏதோ உளறினேன். என் தங்கை ஏமாற்றவில்லை, அந்தச் சீட்டை அடித்ததும் ஒட்டியதும் நான், பதினாலு வயதில், சின்னப் பெண் அழுகிறாளே என்று பரிதாபப்பட்டுச் செய்தது என்றேன். உனக்கு எழுதிய கதைதான். மண்டபம் கொஞ்சம் இளகியது. தலைவிகூட 'ச்சு' கொட்டினார். அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்படிப்பட்ட ஆள் நான்.

நில அளவையர் எழுந்தார். புத்தகத்தைக் கொடுங்கள் என்று வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஆறாம் பக்கத்துல பாதிக்கு மேல காலியாத்தான் கிடக்கு. புதுசா ஒண்ணு சேக்கணும்னா அங்க ஒட்டியிருக்கலாம். பதினாலு மேல எதுக்கு ஒட்டினீங்க?"

சில்லு, இதை நீ புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் படித்துவிட வேண்டும். நீ அழவில்லை. நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய். நாலாவது ஆட்டத்தில் உன் கடைசிச் சுமை நடுத்துறையில் நின்றது, என் காவல் பக்கத்தில் நின்றது, ஆனால் என்னால் வெட்ட முடியாது. உண்மையான பதினான்காம் விதி இதுதான்: கடைசியாக எஞ்சிய சுமை துறையில் நிற்கும்வரை அதை யாரும் வெட்டக் கூடாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீயோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாய். சீக்கிரம் ஆடு என்று அதட்டினேன். யோசிக்கக் காலவரம்பு இல்லை, ஒன்பதாம் விதி என்று பதில் சொன்னாய். பன்னிரண்டில் இருந்தாய். பதினான்கை எட்டுவதற்குள் புத்தகத்தை உன் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனேன்.

வெறுமனே மறைத்தால் அங்கே ஒரு விதி இல்லாதது தெரிந்துவிடும். அதனால் ஏதோ ஒன்று அடித்தேன். நிற்கிற உரிமையை எடுத்துக்கொண்டு ஓடுகிற உரிமையைக் கொடுத்தேன். நீ சந்தோஷமாக ஓர் அடி பின்வாங்கினாய். துறையை விட்டு இறங்கியதும் வெட்டினேன். ஒன்பது வயதுப் பெண்ணிடம் தோற்கக் கூடாது என்பதற்காக.

அரையிறுதியில் நீ அசைக்காமல் நின்றிருந்தால் அவர் ஒன்றும் செய்திருக்க முடியாது. உன் காவல் மேலேறி வந்திருக்கும். நாலு நகர்வில் எதிர்க்கரை. மேசைக்கு வந்து பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதுதான் கூரையைப் பார்த்ததற்குக் காரணம்.

இவ்வளவையும் நில அளவையரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அன்னிக்கு அந்தம்மா ஏன் எறங்கினாங்கன்னு எனக்கே புரியல. நல்லா ஆடிட்டு வந்தவங்க. நான் ஜெயிச்சதா எழுதி வெச்சிருக்கீங்க, அதை அடிங்க" என்றார். குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி என் கையாலேயே அடிக்க வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். விதி விளக்கம் வரும், அட்டையில் என் பெயர் வராது. பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். நகலும் உன் புத்தகமும் இந்த உறைக்குள் இருக்கின்றன. சீட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். அது என் தங்கையின் புத்தகம், அவளே பிரிக்கட்டும் என்றேன்.

ஒரு நாள் வரலாமா? ஆட இல்லை. சும்மா.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

அறிவிப்பின் நகலை மேலாளர் மேசையில் வைத்தேன். படித்தார். சாவிக்குப் பக்கத்தில் இனி யாரும் நிற்க வேண்டாம் என்றார். இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் அலமாரியைத் திறக்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் போக நாளாகும்.

சீட்டைப் பிரித்தேன். வெந்நீர் ஆவியில் காட்டினால் பழைய கோந்து விட்டுவிடும். எங்கள் வேலையில் அது பால பாடம். கிழியாமல் முழுசாக வந்தது. கீழே நீ சொன்னபடியே இருக்கிறது. இரண்டே வரி. மூடியே இருந்ததால் அந்த இடம் மட்டும் புத்தம் புதிதாக வெள்ளையாக இருக்கிறது.

அரையிறுதி ஆட்டத்தைப் பலகையில் அப்படியே அடுக்கி வைத்தேன். கடைசிச் சுமையை நடுத்துறையில் நிறுத்தினேன். அவர் காவலைப் பக்கத்தில் வைத்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தில் பயப்படாமல் ஒரு முறைகூட நான் நின்றதில்லை. மாப்பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டார். அப்புறம் வருகிறேன் என்றேன். பலகையை இன்னும் எடுக்கவில்லை.

அன்று மண்டபத்தில் நீ உண்மையைச் சொல்லத் தவறியதற்காக என்னால் உன்னை மன்னித்துவிட முடியும். கோபம் அதில் இல்லை. பாவமாக இருந்தது என்று ஒரு பொய் எழுதினாயே, அதைப் படித்து மாத்திரைத் தட்டை வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றேன். அது எனக்கே கேவலமாக இருக்கிறது.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, என் வீட்டில் வேண்டாம். 'ற' தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. அப்பாவின் எழுத்தில் வந்தது என்பதால் கிழிக்க மனம் வரவில்லை.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். ஒன்பதாம் விதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் மேல் நீ எதையும் ஒட்டவில்லை. யோசிக்கக் காலவரம்பு கிடையாது.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சில்லு